குடத்தில் விழுந்த மீசைகள்

எங்க பொம்மை யூனிட்டுல சூளைக்குப் பக்கத்துல ஒரு பலகை மேல மண்குடம் ஒண்ணு இருக்குது. போன ஆயுத பூசைக்கு முந்தின வாரம், சும்மா ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்னு போயிருந்தேன். புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒரு பொண்ணு, செருப்பைக் கழட்டி வுட்டுட்டு, அந்தக் குடத்துக்கு முன்னாடி நின்னு கன்னத்துல போட்டுக்குது.

"என்னாடி பண்ற?"ன்னு கேட்டேன்.

"சூளை சாமிதானங்க பெரிம்மா? வருசத்துக்கு ஒருவாட்டி எல்லாரும் இதுல சில்லு போடுவாங்கன்னு சொன்னாங்க. அதான் முன்கூட்டியே கும்புட்டுக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. "அது சாமி இல்லடி, உலக வரலாறு"ன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்த பார்வை இருக்குதே, கெழவிக்கு வெயில் ஏறிடுச்சுன்னு நெனைச்சிருக்கும். பக்கத்துல இருந்த பொண்ணுங்களும் வந்து சுத்தி நின்னுக்கிட்டு, சொல்லுங்க சொல்லுங்கன்னுதுங்க. பாதி சொல்றதுக்குள்ள லாரி வந்துடுச்சு, ஓடிட்டுதுங்க. தெரியாதவங்களுக்கும் புரியுறாப்புல மொதல்ல இருந்து எழுதியே குடுத்துடறேன்னு சொல்லிட்டு வந்தேன். நான் படிச்சது மூணாங்கிளாசு. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். எழுத்துல தப்பு இருக்கும், சொல்றதுல தப்பு இருக்காது. எனக்கு அவசரமும் இல்லை.

என் பேரு தையல்நாயகி. எங்க ஊரு கம்மாபுரத்துப் பக்கம். நெலம் நெலக்கரிச் சுரங்கத்துக்குப் போனதும் வூட்டுக்காரரோட விருத்தாசலத்துக்கு வந்தேன். அவரு ரயில்வே ஜங்சன்ல மூட்டை தூக்கினாரு, நான் பொம்மை கம்பெனிக்குப் போனேன். அச்சுல மாவு ஊத்தக் கத்துக்கிட்டேன். மாவுன்னா சோத்துக்கு இல்லை, கரைச்ச மண்ணு. ஊத்தி, வடிச்சு, அச்சைப் பிரிச்சு, பிசிறு சீவி, பளபளப்பு மருந்துல முக்கி எடுக்குற வரைக்கும் ஒவ்வொண்ணா பழகினேன். எத்தனை புள்ளையாருக்குத் தும்பிக்கை ஒட்டினேன்னு அந்தப் புள்ளையாருக்கே தெரியாது. இதெல்லாம் எல்லாரும் கத்துக்குற வேலை, சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. சொல்ல வேண்டியது சூளையைப் பத்தித்தான்.

எங்களுக்குக் கூலி எப்படின்னா, சூளையில இருந்து முழுசா வெளிய வர்ற பொம்மைக்குத்தான். உள்ள வெடிச்சா, கீறல் வுழுந்தா, அது உங்க கையில நல்லாத்தான் இருந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு பொம்மையை நாலு பொம்பளைங்க செய்வோம். சூளையைப் பார்க்குறவரு ஒரே ஒரு ஆம்பளை. எங்க நாலு பேரு அடுப்பும் அவரு கையிலதான் இருந்துச்சு.

அவரு பேரு கோதண்டம். நாங்க அண்ணேன்னுதான் கூப்புடுவோம். அவரு எங்களை "ந்தா"ன்னுதான் கூப்புடுவாரு. யாருக்கும் தனியா பேரு கெடையாது, எல்லாரும் ந்தாதான். ஆனா பொம்மைங்ககிட்ட அவ்ளோ மரியாதையா பேசுவாரு. "வாங்க மாரியாத்தா, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. கிருஷ்ணரே, குழலை உள்ள இழுத்துக்குங்க, பக்கத்துல ஆளு இருக்காங்க"ன்னு சொல்லிக்கிட்டே தட்டுல அடுக்குவாரு. கனத்த பொம்மை எல்லாம் கீழ் தட்டுல, மெல்லிசு மேல. ஒண்ணுக்கு ஒண்ணு விரல் நுழையுற இடம் வுடுவாரு. அடியில ஒட்டிக்காம இருக்க வெள்ளைப் பொடி தூவுவாரு, அரிசி மாவுல கோலம் போடுறாப்புல. எல்லாம் முடிஞ்சதும் தோள்ல கெடக்குற துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு கதவைச் சாத்துவாரு. அந்த நேரத்துல யாராவது தும்மினா கூட அன்னைக்குப் பூரா மொறைப்பாரு.

சூளைன்னா செங்கச் சூளையை நெனைக்காதீங்க. இது கேஸ்ல எரியுறது. ஒரு சின்ன ரூம்பு அளவுக்கு இரும்புப் பெட்டி, உள்ள வெள்ளைச் செங்கல்லு, பொம்மை அடுக்கின டிராலியை அப்படியே உள்ள தள்ளிடலாம். கதவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதுக்கு நேரா உள்ள விரல் அளவு கூம்பு ஒண்ணை நட்டு வைப்பாங்க, கோன்னு பேரு. சூடு சரியா ஏறினதும் அது மெல்லத் தலையைச் சாய்க்கும். மத்தியானத்துல பஸ்ஸுல தூங்குறவங்க தலை சாயுமே, அப்படி. சாஞ்சதும் கேஸை நிறுத்தணும். கொஞ்சம் முந்தினா வேகாது, பிந்தினா உருகிடும்.

கோதண்டம் அண்ணன் வருசக்கணக்கா அந்த ஓட்டையில நெருப்பைப் பார்த்துப் பார்த்து, கடைசியில கண்ணு பூத்துப்போச்சு. ஒரு நாள் நான் பலகையில பொம்மை கொண்டாந்து வைக்குறப்ப, "ந்தா, இங்க வா. கோனு சாஞ்சிருக்குதா பாரு"ன்னாரு. கறுப்புக் கண்ணாடியை எங்கிட்டக் குடுத்தாரு. பார்த்தேன். "இன்னும் நிமிந்துதாண்ணே இருக்குது"ன்னேன். "ம்"முன்னாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு சூளைக்கும் கூப்புட்டாரு. யாருகிட்டயும் சொல்லாதேன்னு அவரு சொல்லல. நானும் சொல்லல.

அந்தச் சமயத்துலதான் ஸ்டெல்லா டீச்சர் வந்தாங்க. இங்க ஒரு ஸ்கூல்ல வரலாறு நடத்துறவங்க. ஸ்கூட்டியை நிறுத்திட்டு நேரா மொதலாளி ரூமுக்குப் போனாங்க. "சார், எங்க பசங்க வரலாறுன்னாலே தூங்குறாங்க. கையில தொட்டுப் பார்த்தா முழிச்சுக்குவாங்க. மொத ஊரு கட்டினதுல ஆரம்பிச்சு, மனுசன் எனக்கும் உரிமை உண்டுன்னு கேட்டது வரைக்கும் ஒரு செட்டு செஞ்சு குடுங்க. ஸ்கூல் கண்காட்சிக்கு வேணும்"னு கேட்டாங்க. மொதலாளிக்குக் கொலு செட்டு தெரியும், கல்யாண செட்டு தெரியும். இது என்னா செட்டுன்னு தலையைச் சொறிஞ்சாரு. ஆனா கொலு சீசன் முடிஞ்சு நாங்க ஈ ஓட்டிக்கிட்டு இருந்த நேரம், சரின்னுட்டாரு.

சனிக்கெழமை சனிக்கெழமை டீச்சர் வந்து, எந்தப் பொம்மை எதுக்குன்னு சொல்லுவாங்க. மொத பொம்மை ஒரு கெணறும் சாக்கடையும். வடக்க ஆத்தங்கரையில மண்ணுக்குள்ள இருந்து எடுத்த பழைய ஊராம். வூட்டுக்கு வூடு குளிக்குற எடம், தெருவுல மூடி போட்ட சாக்கடை.

"அந்தக் காலத்துலயேவா?"ன்னு கேட்டா ருக்கு. ருக்குமணி எங்கூட கண்ணு எழுதுற பிரிவுல இருந்தவ. வாயைத் தெறந்தா மூட மாட்டா. "டீச்சர், அந்த இன்ஜினீயரு இன்னும் இருந்தா எங்க தெருவுக்கு ஒருவாட்டி வரச் சொல்லுங்களேன்."

அடுத்தது களிமண் பலகையில எழுத்து. அடுத்தது கல்லுல சட்டம் வெட்டின ராசா. அப்புறம் கப்பல்ல சங்கிலி போட்டு ஏத்தின ஆளுங்க. அதை அச்செடுத்த அன்னைக்கு மட்டும் ருக்குவுக்குக் கேலி வரல. அப்புறம் பெரிய சக்கரம் வச்ச மெஷினு, ஓட்டுப் போட வரிசையில நிக்குற பொம்பளைங்க. கடைசியில ஒரு பஸ்ஸு. அதுக்குள்ள சன்னலோரமா கறுப்பா ஒரு அம்மா ஒக்காந்திருக்காங்க. அமெரிக்காவுல வெள்ளைக்காரங்களுக்கு எடம் வுட்டு எந்திரின்னு சொன்னாங்களாம், அந்தம்மா எந்திரிக்கலையாம். புடிச்சுட்டுப் போயிட்டாங்களாம்.

"ஒக்காந்ததுக்கா?"ன்னு கேட்டா ருக்கு. "பெண்ணாடம் பஸ்ஸுல தெனம் எடத்துக்கு நடக்குற சண்டைக்கு எங்களை எல்லாம் தூக்குல போடணுமே."

"சிரிக்காத ருக்கு. அந்தம்மாவுக்காக அந்த ஊரு சனம் பூரா பஸ்ஸுல ஏற மாட்டோம்னு நடந்தாங்க. வருசம் திரும்புற வரைக்கும் நடந்தாங்க. கடைசியில சட்டம் மாறிச்சு"ன்னாங்க டீச்சர்.

மறு சனிக்கெழமை டீச்சர் வந்து பார்த்தா, பஸ்ஸு அம்மாவுக்கு நெத்தியில செகப்புப் பொட்டு, கொண்டையில மல்லியப்பூ. "என்னா ருக்கு இது?"ன்னு கேட்டாங்க. "பூவும் பொட்டும் இல்லாம ஒரு பொம்பளை பொம்மையை இந்தக் கையால வெளிய அனுப்பினதில்லை டீச்சர். சண்டைக்குப் போற பொம்பளை மூளியாவா போவும்?"னா. டீச்சர் அதைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் பூவை மட்டும் எடுக்கச் சொன்னாங்க.

இதுல எனக்கு மனசுல தங்கினது ரெண்டு பொம்மை. ரெண்டையும் டீச்சர் ஒரே நாள்ல சொன்னாங்க. அங்கதான் வெனையும் வந்துச்சு. ஒண்ணு, கிரேக்கம்னு ஒரு தேசம். அங்க ஒரு ஆளு ரொம்ப ஆட்டம் போட்டா, ஊரு சனம் ஒடைஞ்ச பானைச் சில்லுல அவன் பேரைக் கீறிப் போடுவாங்களாம். யாருக்கு நெறைய வுழுதோ அவன் ஊரை வுட்டுப் போயிடணும். இன்னொண்ணு நம்ம தேசம். சோழன் காலத்துல ஊரு காரியம் பார்க்க ஆளு எடுக்கணும்னா, ஓலையில பேரை எழுதிக் குடத்துல போட்டு எடுப்பாங்களாம்.

"ஏன் டீச்சர், அவங்களுக்கு எழுத வேற ஒண்ணும் கெடைக்கலையா?"ன்னு நான் கேட்டேன்.

"சில்லுதான் சும்மா கெடைக்கும், தெருவெல்லாம் கெடக்கும்"னாங்க.

எங்க யூனிட்டு பின்னாடி மலையா குமிஞ்சு கெடக்குற சில்லை நாங்க எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். இத்தனை நாளா அதைக் குப்பைன்னு நெனைச்சிருந்தோம்.

பொம்மை எல்லாம் சூளைக்குத் தயாரான நேரம் கோதண்டம் அண்ணனுக்குக் கண்ணு ஆபரேசன். இனிமே நெருப்பு பக்கமே போவக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மொதலாளி தன் மச்சானை அழைச்சுட்டு வந்தாரு. பேரு செல்வராசு. வெளியூர்ல ஏதோ கூரை ஓடு சுடுற கம்பெனியில இருந்தவராம். கெட்ட ஆளு இல்லை. நல்லா சிரிப்பாரு, முறுக்கி வுட்ட பெரிய மீசை. ஆனா பொறுமைன்னா என்னான்னு தெரியாத மனுசன். மொத சூளை, எங்க வரலாறு செட்டோட பாதி உள்ள இருக்குது. கேஸை நிறுத்தினாரு, டீ குடிச்சாரு, சாப்புட்டாரு, கொஞ்சம் தூங்கி எந்திரிச்சாரு. போயி கதவைத் தெறந்துட்டாரு.

சூடான பொம்மை மேல குளுந்த காத்து பட்டா அது தாங்காது. டிங்… டிங்… டிங்னு ஒவ்வொண்ணா சத்தம் வரும். கோயில் மணியை சுண்டு விரலால தட்டுறாப்புல, கேக்க அழகா இருக்கும். ஒவ்வொரு டிங்கும் ஒரு கீறல். நாங்க தூரமா நின்னு கேட்டோம். கெணறு போச்சு, சட்டம் போச்சு, பஸ்ஸு ரெண்டா போச்சு. எங்க கூலியும் போச்சு.

சனிக்கெழமை டீச்சர் வந்து அந்தச் சில்லை எல்லாம் குனிஞ்சு பொறுக்கிப் பார்த்தாங்க. கண்காட்சிக்கு நாளு நெருங்கிடுச்சு. மொதலாளிக்கு மொகம் இல்லை. "மறுபடி செஞ்சுடலாம் டீச்சர், புது ஆளு, பழகிடுவான்"னாரு.

ருக்கு சும்மா இருப்பாளா? "மொதலாளி, அவரு பழகுற வரைக்கும் நாங்க பட்டினி பழகணுமா? வெந்து வர்றது எங்க பொம்மை, எங்க கூலி. சூளையை யாரு பார்க்குறதுன்னு நாங்க சொல்றோமே. டீச்சர் சொன்னாப்புல சில்லுல கீறிப் போடுறோம்"னா.

"செல்வராசை வுட்டா யாரு இருக்கா?"ன்னாரு மொதலாளி.

"நான் பார்க்குறேன்"னு ஒரு குரல் கேட்டுச்சு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தப்புறந்தான் அது என் குரல்னு எனக்கே தெரிஞ்சுது.

மொதலாளி சிரிச்சாரு. "பொம்பளை சூளை பார்க்குறதா? இந்த ஏரியாவுலயே கெடையாது தையலு."

"அந்த பஸ்ஸுலயும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க சார்"னாங்க டீச்சர், மெதுவா.

டீச்சர் முன்னாடி மறுத்துப் பேச அவருக்குக் கூச்சம். அதோட, பொம்பளைக்குப் பொம்பளை ஓட்டுப் போட மாட்டாங்கன்னும் கணக்குப் போட்டிருப்பாரு. "சரி, போடுங்க"ன்னுட்டாரு. எங்கள்ல பாதி பேருக்கு எழுத வராது. அதனால எலெக்சன் மாதிரி சின்னம் வச்சோம். செல்வராசுக்கு மீசை, எனக்கு மூக்குத்தி. ஆளுக்கு ஒரு சில்லு, ஆணியால கீறணும், தண்ணி குடிக்குற குடத்தைக் காலி பண்ணி அதுல போடணும். மண்ணு மிதிக்குற ஆளுங்க, லோடு ஏத்துறவங்க, அச்சு பிரிவு, கண்ணு எழுதுற பிரிவு, எல்லாரும் போட்டோம். செல்வராசும் போட்டாரு.

டீச்சர் குடத்தைக் கவுத்து எண்ணினாங்க. மீசை, மீசை, மூக்குத்தி, மீசை, மூக்குத்தி, மீசை, மீசை. இத்தனை வருசம் பக்கத்துல ஒக்காந்து சோறு பகிர்ந்து தின்னவளுங்க இவ்ளோ மீசை கீறியிருக்காளுங்களேன்னு தலை குனிஞ்சு நின்னேன்.

"மீசைதான் அதிகம். முடிஞ்சுதா?"ன்னாரு மொதலாளி, பல்லெல்லாம் தெரிய.

"முடிஞ்சுது மொதலாளி! செல்வராசண்ணே, பையை எடுத்துக்குங்க. போயிட்டு வாங்க!"ன்னு கத்தினா ருக்கு.

"எங்க போவச் சொல்ற?"

"ஊருக்கு! சில்லுல யாரு பேரு நெறைய வுழுதோ அவங்கதான வெளிய போவணும்? அதுக்குத்தான எங்க பிரிவே மீசை கீறினோம்!"

"அடிப்பாவி, நாங்க தையலக்காவை எடுக்கணும்னு மூக்குத்தி இல்ல கீறினோம்!"னு அச்சு பிரிவுல இருந்து ஒருத்தி கத்துனா.

"நான் மீசைக்காரரு வரட்டும்னுதான் மீசை போட்டேன்"னாரு மண்ணு மிதிக்குற ஒருத்தரு.

அப்புறம் என்னா, சந்தைக்கடைதான். பாதிப் பேரு கிரேக்கத்துக்கு ஓட்டுப் போட்டிருக்காங்க, பாதிப் பேரு சோழனுக்குப் போட்டிருக்காங்க. டீச்சரு ரெண்டு கையையும் தூக்கி, "தப்பு என்னோடது! சில்லு, ஆளை அனுப்புறதுக்கு. குடம், ஆளை எடுக்குறதுக்கு. நீங்க அந்த ஊரு சில்லை நம்ம ஊரு குடத்துல போட்டுட்டீங்க"ன்னு சொல்லிட்டு வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க.

"அதெல்லாம் ஆவாது, ஓட்டுன்னா எடுக்குறதுக்குத்தான். ஊரு ஒலகத்துக்கே தெரியும்"னாரு மொதலாளி.

ருக்கு மெல்ல செல்வராசுகிட்டப் போனா. "அண்ணே, கோவிச்சுக்காம சொல்லுங்க. நீங்க என்னா கீறினீங்க?"

"மூக்குத்தி"ன்னாரு அவரு, வெள்ளந்தியா.

"தையலக்காவை எடுக்கவா?"

"அவங்களை அனுப்பத்தான். நீதானம்மா சில்லு குடுக்குறப்ப சொன்ன, பேரு வுழுந்தவங்க போயிடணும்னு."

யூனிட்டே அதிர்ந்துச்சு. மொதலாளி தலையில அடிச்சுக்கிட்டாரு. "ஏன்டா, ஒன் கணக்குப்படியே நீ இல்லடா போவணும்!"

ருக்கு என் கையைத் தூக்கிப் புடிச்சா. எல்லாரும் ஜெயிச்சாச்சுன்னு கத்துறாங்க. ஆனா எனக்கு அந்தச் சத்தம் இனிக்கல. கையை உருவிக்கிட்டேன்.

"இப்படி வர்ற சூளை எனக்கு வேணாம். மறுபடி போடுங்க"ன்னேன்.

"பைத்தியமாடி ஒனக்கு? வந்ததை வாங்கிக்க"ன்னு ருக்கு என் முதுகுல ஒண்ணு வச்சா.

"நாளைக்கு ஒரு பொம்மை வெடிச்சா, கொளறுபடியில வந்தவதானன்னு பேசுவாங்க. எனக்கு அந்தப் பேச்சு ஆவாது. என்னை எடுக்குறதா இருந்தா எடுக்குறோம்னு தெரிஞ்சு எடுங்க. இல்லைன்னா நான் கண்ணு எழுதிட்டுப் போறேன்."

இன்னைக்கும் ருக்கு அதைச் சொல்லித் திட்டுவா. ஆனா நான் செஞ்சது சரி.

சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி போடுறதுன்னு முடிவாச்சு. அந்த நேரம் பார்த்து கோதண்டம் அண்ணன் வந்தாரு. ஆபரேசன் கண்ணுக்குப் பெரிய கறுப்புக் கண்ணாடி, சினிமா வில்லன் மாதிரி. சங்கதியைக் கேட்டுட்டு நேரா மொதலாளிகிட்டப் போனாரு.

"மொதலாளி, ஒரு சேதி. கொஞ்ச காலமாவே கோனைப் பார்த்தது என் கண்ணு இல்லீங்க. இவங்க கண்ணு. தையல்நாயகி கண்ணு. நான் கேஸைத்தான் திருப்பினேன். சொல்லாம இருந்தேன், என் பொழப்பு போயிடும்னு. இப்பத்தான் போயாச்சே."

அவ்ளோ பெரிய சூளைக்காரரு அத்தனை பேரு முன்னாடி தன் மதிப்பை எறக்கி வச்சுட்டு நின்னாரு. அவருக்கு என் முழுப் பேரு தெரியும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

இந்தவாட்டி மொதலாளியை வுட்டே சத்தமா சொல்லச் சொன்னோம். "எடுக்குறதுக்குத்தான், அனுப்புறதுக்கு இல்லை"ன்னு அவரு சொல்ல, நாங்க எல்லாரும் திருப்பிச் சொன்னோம், ஸ்கூலு பசங்க மாதிரி. குடத்தைக் கவுத்தா மூக்குத்தி, மூக்குத்தி, மூக்குத்தி. நடுநடுவுல ஒண்ணு ரெண்டு மீசை. செல்வராசுதான் மொதல்ல வந்து, "நல்லா பார்த்துக்குங்கக்கா"ன்னாரு. அவரை டெலிவரி வண்டிக்குப் போட்டாரு மொதலாளி. வண்டியை வெரசா ஓட்டுவாரு, அந்த அவசரம் அங்க செல்லுபடியாச்சு.

ஆனா ஜெயிச்சது பெருசில்லை. அடுத்த சூளைதான் பெருசு. வரலாறு செட்டை மறுபடி செஞ்சோம். என் கையாலயே அடுக்கினேன். கப்பலும் பஸ்ஸும் கனம், கீழ் தட்டு. ஓட்டுப் போடுற வரிசைப் பொம்பளைங்க மெல்லிசு, மேல் தட்டு. விரல் வச்சு வச்சு எடம் பார்த்தேன். கோனு சாஞ்சதும் கேஸை நிறுத்தி, காத்துப் போற வழியை அடைச்சேன். அடுத்த நாள் பூரா ஆற வுட்டேன். அதுக்கு அடுத்த நாள் காலையில ஸ்கூலு வேனு வந்து வாசல்ல நிக்குது. அன்னைக்கு மறுநாள் கண்காட்சி.

"தெற தையலு, வேனு வந்துடுச்சு"ன்னாரு மொதலாளி.

பழைய பேப்பரைப் பட்டையா கிழிச்சு அந்த ஓட்டையில நீட்டினேன். எடுத்துப் பார்த்தா நுனி காப்பி நெறத்துல பொரிஞ்சிருக்குது. "இன்னும் ஆறல மொதலாளி"ன்னேன்.

"கதவைத் தொட்டுப் பாரு, சுடவே இல்லை."

"கதவு சுடாது. உள்ள சுடுது."

"ஸ்கூல்ல இருந்து போன் மேல போன். தெற."

"தெறக்க மாட்டேன்."

அவரு மொகம் செவந்துடுச்சு. "தையலு, நான் எடம் குடுத்ததாலதான் நீ அந்தக் கதவுகிட்ட நிக்குற. ஞாபகம் வச்சுக்க."

என் ஆயுசுல மொதலாளி சொல்லி மாட்டேன்னதே இல்லை. "நீங்க எடம் குடுக்கல மொதலாளி. அதோ நிக்குறாங்களே, அவங்க எடுத்தது. உள்ள இருக்குறது அவங்க கூலி. நான் அவங்களுக்குத்தான் பதில் சொல்லணும்"னேன்.

எல்லாரும் வேலையை வுட்டுட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ருக்கு ஒரு ஸ்டூலைத் தூக்கியாந்து சூளைக்கு முன்னாடி போட்டு, "ஒக்காரு"ன்னா. ஒக்காந்தேன். அவளும் பக்கத்துல தரையில ஒக்காந்தா. ஒவ்வொருத்தியா வந்து ஒக்காந்துட்டாளுங்க. மொதலாளி போனை எடுத்து, "டீச்சர், சாயங்காலந்தான் ஆவும். சூளைக்காரம்மா தெறக்க மாட்டேங்குறாங்க"ன்னாரு. வேனு டிரைவரு சீட்டைச் சாய்ச்சுட்டுத் தூங்கிட்டாரு.

பொழுது சாயுற நேரத்துக்கு பேப்பரு வெள்ளையா உள்ள போயி வெள்ளையாவே வெளிய வந்துச்சு. கதவை விரல் கனத்துக்குத் தெறந்தேன், காது குடுத்தேன். சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் தெறந்தேன். ஒண்ணும் இல்லை. டிராலியை வெளிய இழுத்தப்ப ருக்கு போட்ட கொலவை ரயில்வே கேட்டு வரைக்கும் கேட்டிருக்கும். கெணறு இருக்குது, சட்டம் இருக்குது, பஸ்ஸு இருக்குது, பொட்டு வச்ச அம்மா எந்திரிக்காம ஒக்காந்திருக்காங்க. கப்பல்ல மட்டும் அந்த மண்ணு சங்கிலி ரெண்டு எடத்துல வுட்டுப்போயிருந்துச்சு. ஒட்டித் தரட்டுமான்னு டீச்சர்கிட்டக் கேட்டேன். "வேணாம் தையலம்மா. அது வுட்டதாவே இருக்கட்டும்"னாங்க.

கண்காட்சிக்கு நாங்க எல்லாரும் நல்ல பொடவை கட்டிக்கிட்டுப் போனோம். பொம்மைக்குப் பின்னாடி நின்னு பசங்க வெளக்கம் சொல்லுதுங்க. ருக்கு ஒவ்வொருத்தங்கிட்டயும் போயி, "பொட்டு நான் வச்சது"ன்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சா.

அதுக்கப்புறம் வருசா வருசம் ஆயுத பூசைக்கு மறுநாள் குடத்தை எடுத்து வச்சுடுவோம். "எடுக்குறதுக்குத்தான், அனுப்புறதுக்கு இல்லை"ன்னு மொதல்ல எல்லாரும் சொல்லணும். போட்டியா நிக்க ஆசைப்படுறவங்க ஒரு சின்னத்தோட நிக்கலாம். ஒவ்வொரு வருசமும் மூக்குத்திதான் வந்துச்சு. நானும் கொஞ்சம் நெஞ்சை நிமித்தித்தான் நடந்தேன், அதுல என்னா தப்பு?

அப்புறம் சூளைக்கு, உள்ள இருக்குற சூட்டை நம்பரா காட்டுற பொட்டி வந்துச்சு. அந்த வருசம் அச்சு பிரிவுல இருந்து கவிதான்னு ஒரு பொண்ணு நின்னுச்சு, சின்னம் மூக்குக்கண்ணாடி. குடத்தைக் கவுத்தா கண்ணாடி, கண்ணாடி, மூக்குத்தி, கண்ணாடி, கண்ணாடி. நான் தோத்துட்டேன்.

கோவம் வராம இருக்குமா? ரெண்டு வட்டம் போடுறது சுலபம், அதான் எல்லாரும் கீறிட்டாங்கன்னு ருக்குகிட்டச் சொன்னேன்.

"நானும் கண்ணாடிதான் கீறினேன்"னா அவ. "தெனம் முட்டி வலிக்குதுன்னு எங்கிட்டத்தான பொலம்புற? எத்தனை வருசத்துக்கு டிராலி தள்ளுவ? அந்தப் பொண்ணு நல்லாத்தான் பார்க்குது."

ஒரு வாரம் அவகூடப் பேசல. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். மத்த எடத்துல வயசாயிடுச்சுன்னு நிறுத்துவாங்க, மொதலாளிக்குப் புடிக்கலன்னா நிறுத்துவாங்க. என்னை எடுத்தவங்களே என்னை நிறுத்தினாங்க. கிரீடம் வச்ச ராசாவெல்லாம் சண்டை போட்டு, தலையைக் குடுத்துத்தான் எறங்கினாங்கன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. நான் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் குடுத்துட்டு எறங்கினேன்.

முட்டி வலிக்கு வேலையை வுட்டுட்டுக் கணக்கு முடிக்கப் போன அன்னைக்கு கவிதாவோட மொத சூளை. பொட்டியில நம்பரு எறங்கிக்கிட்டு இருக்குது. அந்தப் பொண்ணு கதவுல கையை வச்சுக்கிட்டு என்னைப் பார்க்குது. "பெரிம்மா, தெறக்கலாமாங்க?"

எனக்கு நாக்கு துறுதுறுன்னு வந்துச்சு. நானா இருந்தா இன்னும் கொஞ்சம் வுட்டிருப்பேன்.

"என்னை ஏண்டி கேக்குற? உன்னைத்தான எடுத்திருக்காங்க"ன்னு சொல்லிட்டு, அவ முடிவு எடுக்கட்டும்னு கேட்டை நோக்கி நடந்தேன்.